கேனட் கடற்பறவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அட்லாண்டிக் கடலில் வாழும் கேனட் பறவையைப் பற்றி நண்பர்களும், புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்கிய பிள்ளைகளும் என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் அது கடலுக்குள் பாயும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பாய்ச்சல் அற்புதம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே பாறை, ஒரே துணை, வருடத்துக்கு ஒரே முட்டை என்று நிதானமாகப் போகும் அதன் மீதி வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பறவைக்கு அண்மையில் நேர்ந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று புரியும். அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

கேனட் எப்படி இருக்கும்?

வட அட்லாண்டிக்கின் மிகப் பெரிய கடற்பறவை இதுதான். அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 1 மீட்டர். சிறகை விரித்தால் 170 முதல் 180 செ.மீ. எடை சுமார் 3 கிலோ. உடல் தூய வெள்ளை, சிறகு நுனி கறுப்பு, தலையும் கழுத்தும் இளமஞ்சள்.

கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தால் முகத்தையும் காலையும் கவனியுங்கள். அலகு நீலம் கலந்த சாம்பல் நிறம், அதன் மேல் மை வைத்துக் கோடு போட்டது போலக் கறுப்புக் கோடுகள். வெளிறிய கண், அதைச் சுற்றி பளிச்சென்று ஒரு நீல வளையம். கால் கறுப்பு. ஆனால் ஒவ்வொரு விரலின் மேலும் ஒரு பச்சைக் கோடு ஓடும். ஆணுக்கு அது மஞ்சள் சாயும் பச்சை, பெண்ணுக்கு நீலம் சாயும் பச்சை. தூரத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்கவே முடியாத இந்தப் பறவையில், கால்விரல் கோடு மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் எத்தனை வகை? நம் ஊர்ப் பறவைகளில் எது இதற்கு உறவு?

மூன்று வகை. வட அட்லாண்டிக்கில் இருப்பது ஒன்று. தென்னாப்பிரிக்கா, நமீபியா கரைகளில் இருக்கும் கேப் கேனட் இன்னொன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் இருக்கும் ஆஸ்திரேலேசியக் கேனட் மூன்றாவது. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

வெப்பக் கடல்களில் வாழும் பூபி பறவைகள் இதற்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே குடும்பம். கொஞ்சம் தள்ளிய உறவு என்றால், நம் ஏரிகளில் சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும். நீர்க்காகத்தின் காலைப் பார்த்தால் உறவு தெரியும். வாத்துக்கு முன்விரல்கள் மூன்றுக்கு நடுவில்தான் சவ்வு இருக்கும். நீர்க்காகத்துக்கும் கேனட்டுக்கும் நான்கு விரல்களையும் சவ்வு இணைத்திருக்கும். அந்த அகலமான சவ்வு கேனட்டுக்கு நீந்த மட்டும் பயன்படுவதில்லை, அடைகாப்பதும் அதனால்தான். அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு உயரத்திலிருந்து பாயும்?

வழக்கமாக 10 முதல் 30 மீட்டர் உயரத்திலிருந்து. 30 மீட்டர் என்றால் ஏறக்குறைய பத்து மாடி. அங்கிருந்து விழும்போது தண்ணீரைத் தொடும் நேரத்தில் வேகம் மணிக்கு 80, 90 கி.மீ. ஆகிவிடும், 100 கி.மீ.யைக்கூட நெருங்கும். மீன் மேலாக இருந்தால் தாழ்வாகவே சாய்ந்து பாயும். ஆழத்தில் இருந்தால் உயரம் ஏறிச் செங்குத்தாக இறங்கும்.

பாய்ந்த வேகம் மட்டுமே அதைச் சில மீட்டர் ஆழத்துக்கு, சில சமயம் 10 மீட்டர் வரை கொண்டுபோய்விடும். அதற்கும் கீழே மீன் இருந்தால், பாதி மடித்த சிறகை அடித்துக்கொண்டு நீந்தித் துரத்தும். 20 மீட்டருக்கும் கீழே போனதை முதுகில் கட்டிய ஆழமானிகள் பதிவு செய்திருக்கின்றன.

அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினால் கழுத்து உடையாதா?

நாம் அப்படி விழுந்தால் உடையும். கேனட்டின் உடல் முழுவதுமே இதற்காக அமைந்திருக்கிறது.

முதலில் வடிவம். விழத் தொடங்கும்போது சிறகைப் பாதி விரித்து, வாலை அசைத்துத் திசை சரிசெய்துகொண்டே வரும். தண்ணீர் தொடுவதற்கு ஒரு கணம் முன்பு இரண்டு சிறகையும் பின்னால் நீட்டி உடலோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது அலகு, தலை, கழுத்து, உடல் எல்லாம் ஒரே கோடு. கூரிய அலகு முதலில் இறங்குவதால் தண்ணீர் படிப்படியாகத்தான் விலகுகிறது, மொத்த அடியும் ஒரே இடத்தில் விழுவதில்லை.

அடுத்தது காற்று. முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் தோலுக்கு அடியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. மோதலின் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்கின்றன.

கழுத்து எப்படித் தாங்குகிறது என்பதை 2016-இல் அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நீளமான, மெலிந்த எந்தப் பொருளையும் நுனியில் அழுத்தினால் ஒரு கட்டத்தில் வளைந்து மடங்கும். கேனட்டின் கழுத்து இயல்பாகவே வளைவான அமைப்பு. பாயும்போது கழுத்துத் தசைகளை இறுக்கி அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்கிறது. அலகின் கூர்மையும், கழுத்தின் நீளமும், அந்தத் தசைப் பிடிப்பும் சேர்ந்து, அது பாயும் வேகத்தில் கழுத்து மடங்காத பாதுகாப்பான எல்லைக்குள் அதை வைத்திருக்கின்றன.

கேனட்டுக்கு மூக்கே கிடையாதாமே?

வெளியே தெரியும் மூக்குத் துளை கிடையாது. இருந்தால் ஒவ்வொரு பாய்ச்சலிலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போகும். வாயின் ஓரம் வழியாகத்தான் மூச்சு விடும், தண்ணீருக்குள் போகும்போது அந்த வழியும் மூடிக்கொள்ளும். நம் கரையில் ஒதுங்கும் பூபிகளுக்கும் இதே அமைப்புதான். இது தெரியாமல் உதவப் போகிறவர்கள் பறவையைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் கடைசிக் கேள்வியில் திரும்பவும் எழுதியிருக்கிறேன்.

தண்ணீருக்குள் போனதும் பார்வை மங்காதா?

நாம் கடலுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரியும். காற்றில் ஒளியை வளைக்கும் வேலையில் பெரும்பங்கைக் கருவிழியின் முன்பரப்பு செய்கிறது. தண்ணீருக்குள் அந்தச் சக்தி போய்விடும். கேனட் உடனே கண்ணின் லென்ஸை உருமாற்றி அதை ஈடுகட்டுகிறது. ஆஸ்திரேலேசியக் கேனட்களைப் படமெடுத்து ஆராய்ந்ததில், ஒரு வினாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்தில் இந்த மாற்றம் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தது. கண் இமைக்கும் நேரம்தான். எனக்கு இந்தப் பறவையைப் பற்றித் தெரிந்த விஷயங்களில் மிகவும் வியப்பூட்டுவது இதுதான்.

அலகால் மீனைக் குத்திப் பிடிக்குமா?

குத்தாது, கவ்வும். அலகின் ஓரம் ரம்பம் மாதிரி இருப்பதால் வழுக்கும் மீனும் நழுவாது. பல நேரம் மேலே வருவதற்குள்ளேயே விழுங்கிவிடும். வெறும் அலகோடு மேலே வந்ததே என்று ஏமாற வேண்டாம், மீன் உள்ளே போயிருக்கலாம்.

பாய்ந்து பாய்ந்து கண் குருடாகிச் செத்துப்போகும் என்கிறார்களே?

பரவலாகச் சொல்லப்படும் கதை, ஆதாரம் இல்லாதது. அடையாளத்துக்காகக் காலில் வளையம் மாட்டிய பறவைகளில் ஒன்று 37 வயது வரை வாழ்ந்திருக்கிறது. வளர்ந்த கேனட்களில் சாதாரண வருடங்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் அடுத்த வருடமும் உயிரோடு திரும்பி வருகின்றன. பாய்ச்சல் கண்ணைக் கெடுத்தால் இது நடக்காது. கூட்டமாகப் பாயும்போது ஒன்றின் மேல் ஒன்று மோதிக் காயப்படுவது மட்டும் எப்போதாவது நடக்கிறது.

என்ன சாப்பிடும்? இரைக்காக எவ்வளவு தூரம் போகும்?

நம் கானாங்கெளுத்திக்கு உறவான அட்லாண்டிக் மேக்கரல், மத்தி சாளைக்கு உறவான ஹெர்ரிங், முரல், மணலுக்குள் புதையும் சாண்ட் ஈல் என்ற மெலிந்த மீன் என்று கூட்டமாகத் திரியும் மீன்கள் எல்லாம் பிடிக்கும். மீன்பிடிப் படகுகள் கழித்துக் கொட்டுவதையும் விடாது.

குஞ்சுக்கு இரை தேடி ஒரே பயணத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்வரும். பயணம் ஒரு நாளைத் தாண்டுவதும் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டன், அயர்லாந்து சுற்றிலும் உள்ள 12 குடியிருப்புகளின் கேனட்களுக்கு ஜிபிஎஸ் கருவி பொருத்திப் பார்த்தார்கள். பக்கத்துப் பக்கத்துப் பாறைகளில் வாழ்ந்தாலும், ஒரு பாறையின் பறவைகள் இரை தேடும் கடல் வேறு, அடுத்த பாறையின் பறவைகள் தேடும் கடல் வேறு. நடுவில் வேலி இல்லை, காவல் இல்லை, சண்டையும் இல்லை. அடுத்த குடியிருப்பின் அருகே போனால் அங்குள்ள பறவைகள் ஏற்கெனவே மேய்ந்துவிட்ட கடல்தான் கிடைக்கும். எங்கே போனால் இரை உண்டு என்பதைத் தன் குடியிருப்பின் மற்றப் பறவைகளைப் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஏன் நூற்றுக்கணக்கில் சேர்ந்து பாய்கின்றன?

வெள்ளை உடல் வெகுதூரத்துக்குத் தெரியும். ஒன்று பாய்வதைப் பார்த்ததும் சுற்றுவட்டாரத்தில் உள்ளவை எல்லாம் வந்துவிடும். மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தால் மீன்கூட்டம் கலைந்து திசை தெரியாமல் சிதறும், பிடிப்பதும் சுலபமாகும். டால்பின்கள் கீழிருந்து மீனை மேலே விரட்டினால் கேனட்களுக்குக் கொண்டாட்டம். தென்னாப்பிரிக்கக் கரையில் ஜூன், ஜூலையில் மத்தி மீன்கள் திரளாக வடகிழக்கே நகரும்போது கேப் கேனட்களும் டால்பின்களும் சுறாக்களும் அதன் மேல் ஒன்றாக விழுவது உலகப் புகழ்பெற்ற காட்சி.

எங்கே குஞ்சு பொரிக்கின்றன?

அட்லாண்டிக்கின் இரு கரையிலும், பெரும்பாலும் நரியும் எலியும் ஏற முடியாத தீவுப் பாறைகளில். உலகக் கேனட்களில் பாதிக்கு மேல் பிரிட்டன், அயர்லாந்து கரைகளில்தான். ஸ்காட்லாந்தில் நார்த் பெர்விக் ஊருக்கு எதிரே கடலில் நிற்கும் பாஸ் ராக், மேற்கே செயின்ட் கில்டா, வேல்ஸின் கிராஸ்ஹோம், அயர்லாந்தின் லிட்டில் ஸ்கெலிக், கனடாவின் பொனவென்ச்சர் தீவு ஆகியவை பெரியவை.

பாஸ் ராக் ஒரு பழைய எரிமலையின் உறைந்த கழுத்து, 100 மீட்டருக்கு மேல் உயரம். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை அதன் நிறமே மாறிவிடும். பாதி வெள்ளை பறவை, மீதி எச்சம். படகு நெருங்கும்போது முதலில் வருவது வாடை, அப்புறம் காது அடைக்கும் சத்தம், அதன் பிறகுதான் தனித்தனிப் பறவைகள் கண்ணுக்குத் தெரியும். 2014 கணக்கெடுப்பில் இங்கே 75,000-க்கு மேற்பட்ட கூடுகள் இருந்தன. உலகிலேயே பெரிய கேனட் குடியிருப்பு என்ற பெயர் அப்போது அதற்குக் கிடைத்தது. இந்தப் பறவையின் அறிவியல் பெயரில் உள்ள பஸ்ஸானஸ் இந்தப் பாறையைக் குறிப்பதுதான்.

1960-களின் தொடக்கத்தில் பிரையன் நெல்சன் என்ற ஆய்வாளர் தன் மனைவி ஜூனுடன் இந்தப் பாறையிலேயே ஒரு குடிசையில் தங்கி, பறவைகளை நாள் முழுக்கப் பார்த்துக் குறிப்பெடுத்தார். கேனட்டின் நடத்தை பற்றி இன்று நாம் பேசுவதில் பெரும்பகுதிக்கு அவருடைய அந்த வேலையே அடிப்படை. அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததற்கு ஈடு எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன்.

அவ்வளவு நெருக்கமாக எப்படிக் குடியிருக்கின்றன? சண்டை வராதா?

வரும், பயங்கரமாக வரும். ஒரு கூட்டின் நடுவிலிருந்து அடுத்த கூட்டின் நடுவுக்கு ஏறக்குறைய 80 செ.மீ.தான். உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டினால் பக்கத்து வீட்டுக்காரரின் அலகு தொட்டுவிடும். இடத்துக்காக இரண்டு ஆண்கள் அலகைப் பூட்டிக்கொண்டு தள்ளும் சண்டை மணிக்கணக்கில் போவதுண்டு.

அதனால்தான் இவற்றுக்கு இவ்வளவு சைகைகள். கூட்டை விட்டுக் கிளம்பும் பறவை முதலில் கழுத்தை நீட்டி அலகை வானத்தை நோக்கி உயர்த்தும். 'நான் கிளம்புகிறேன், நீ இரு' என்று துணைக்குச் சொல்வது அது. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பினால் முட்டை போய்விடும், ஆகவே இந்தச் சைகைக்கு விலை அதிகம். தலையைத் தாழ்த்தி இருபக்கமும் ஆட்டினால், 'இது என் இடம்' என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிப்பு.

வாழ்நாள் முழுக்க ஒரே ஜோடியா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் அவை இணைந்திருப்பது துணையோடு மட்டுமல்ல, இடத்தோடும். குளிர்காலத்தில் இரண்டும் வெவ்வேறு கடலுக்குப் போய்விடும். வசந்தத்தில் பழைய கூட்டுக்கே தனித்தனியாகத் திரும்பி வந்து அங்கே சந்தித்துக்கொள்ளும். பல்லாயிரம் பறவைகளுக்கு நடுவில் இறங்கி வரும் தன் துணையைக் குரலை வைத்தே அடையாளம் காணும்.

சந்தித்ததும் நடப்பதை ஒரு முறையாவது பாருங்கள். இரண்டும் மார்போடு மார்பு நின்று, சிறகைக் கொஞ்சம் விரித்து, கழுத்தை நிமிர்த்தி, அலகோடு அலகை வாள் உரசுவது போல மாறி மாறித் தட்டும். நடுநடுவே தலையைத் தாழ்த்தி மற்றதன் கழுத்தை வருடும். பிறகு ஆண், பெண்ணின் பிடரியைக் கவ்வும், அது அன்பாகவும் இருக்கும், முரட்டுத்தனமாகவும் இருக்கும்.

அடைகாக்கக் காலைப் பயன்படுத்துகிறதா?

ஆமாம். பல பறவைகளுக்கு அடைகாக்கும் காலத்தில் வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும், அந்தச் சூட்டில் முட்டை வளரும். கேனட்டுக்கு அது இல்லை. இரண்டு காலின் சவ்வையும் முட்டையின் மேல் போர்த்தி, அதன் மேல் உட்காரும். சவ்வுக்குள் ரத்த ஓட்டம் கூடி அது சூடாகும். ஒரே முட்டை. போடும்போது வெளிர் நீலச் சாயலோடு இருக்கும், கூட்டின் அழுக்கில் சீக்கிரமே பழுப்பாகிவிடும். ஆணும் பெண்ணும் முறை மாற்றி ஏறக்குறைய 44 நாள் அடைகாக்கும்.

குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கும்போதுதான் நுட்பமான இடம். அதுவரை முட்டைக்கு மேல் இருந்த கால் இப்போது முட்டைக்குக் கீழே போக வேண்டும். இல்லாவிட்டால் மூன்று கிலோ எடையில் ஓடு விரிசல் விட்டதுமே குஞ்சு நசுங்கிவிடும். அனுபவமுள்ள ஜோடிகள் உள்ளிருந்து வரும் அசைவை உணர்ந்து முட்டையைக் காலின் மேல் ஏற்றிக்கொள்கின்றன. முதல் முறை அடைகாக்கும் ஜோடிகளில் சில இந்த இடத்தில் தவறவிடுகின்றன.

குஞ்சு எப்படி வளரும்?

பிறக்கும்போது கறுத்து, ஏறக்குறைய மொட்டையாக, கண் மூடியபடி இருக்கும். மூன்று வாரத்தில் வெள்ளைப் பஞ்சு மூட்டையாகிவிடும். தாய் தகப்பனின் தொண்டைக்குள் தலையை விட்டு, பாதி செரித்த மீனை எடுத்துச் சாப்பிடும். இரண்டில் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். தனியே விட்டால் அக்கம்பக்கத்துப் பறவைகள் குத்திவிடும். இரை குறைந்த வருடங்களில் மட்டும் இரண்டும் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டிவரும். தனியாக உட்கார்ந்திருக்கும் குஞ்சுகள் அதிகம் தென்பட்டால் கடலில் மீன் இல்லை என்று அர்த்தம்.

ஏறக்குறைய 90 நாளில் குஞ்சின் எடை 4 கிலோவைத் தாண்டிவிடும், பெற்றோரைவிட அதிகம். அத்தனையும் கொழுப்பு, வழிச்செலவுக்கு வைத்தது. ஒரு நாள் அது பாறை விளிம்புக்கு வந்து குதிக்கும். கடல் வரை தட்டுத் தடுமாறிச் சறுக்கிக்கொண்டு போய் விழும். அதன் பிறகு மேலே எழும்ப முடியாது, அவ்வளவு கனம். ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல், நீந்தியே தெற்கே போகும். பெற்றோர் கூட வருவதில்லை. பாயவும் மீன் பிடிக்கவும் யாரும் கற்றுத்தருவதில்லை. உடம்பில் இருக்கும் கொழுப்பு தீர்வதற்குள் தானே கற்றுக்கொள்ள வேண்டும். நிறையக் குஞ்சுகள் இந்த முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை.

பழுப்பு நிறத்தில் இருப்பது வேறு வகையா?

இல்லை, அது இளம்பறவை. முதல் வருடம் கரும்பழுப்பில் வெள்ளைப் புள்ளி. பிறகு வருடா வருடம் வெள்ளை கூடி, நான்கைந்து வயதில் முழு வெள்ளையாகும். முட்டையிடத் தொடங்குவதும் சுமார் 5 வயதில்தான்.

குளிர்காலத்தில் எங்கே போகும்?

ஐரோப்பியக் கேனட்களில் பல மொரிட்டானியா, செனகல் கரைகள் வரை இறங்கும், சில மத்தியதரைக் கடலுக்குப் போகும். கனடாவில் பிறந்தவை அமெரிக்கக் கிழக்குக் கரை வழியாக மெக்சிகோ வளைகுடா வரை வரும். 2010-இல் அந்த வளைகுடாவில் நடந்த எண்ணெய்க் கசிவில் எண்ணெயில் நனைந்த பறவைகளில் கேனட்களும் இருந்தன.

2022-இல் என்ன நடந்தது?

பறவைக் காய்ச்சல். எச்5என்1 வைரஸ் அந்த ஏப்ரலில் ஐஸ்லாந்துக் கேனட்களில் தெரிந்தது, ஜூனில் பாஸ் ராக்குக்கு வந்தது, கோடை முடிவதற்குள் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பெரும்பாலான குடியிருப்புகளில் பரவிவிட்டது. கூட்டின் மேலேயே பறவைகள் செத்துக் கிடந்தன. துணைக்காகக் காத்திருந்த பறவை பட்டினியில் கூட்டை விட்டுப் போக, முட்டையும் குஞ்சும் கூடவே அழிந்தன. நெருங்கி வாழ்வதே இவற்றின் பலமாக இருந்தது, வைரஸுக்கு அந்த நெருக்கமே வழி ஆனது.

பாஸ் ராக்கில் 2014-இல் 75,000-ஐத் தாண்டியிருந்த கூடுகள் 2023-இல் சுமார் 52,000, 2024-இல் சுமார் 46,000. கிராஸ்ஹோமில் 34,000-க்கு மேல் இருந்தது ஒரே வருடத்தில் 16,500 அளவுக்குச் சரிந்தது.

இதைக் கோழிப்பண்ணை இழப்பு போல நினைத்துவிடக் கூடாது. முட்டையிட 5 வருடம் காத்திருந்து, வருடத்துக்கு ஒரு முட்டை போட்டு, அதில் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை வளராமலே போகும் இனம் இது. வளர்ந்த பறவைகள் நீண்ட காலம் உயிரோடு இருப்பதை நம்பித்தான் இதன் கணக்கே ஓடுகிறது. காய்ச்சல் கொன்றது அந்த வளர்ந்த பறவைகளைத்தான். ஒரு கோடையில் போனதை மீட்கப் பல வருடங்கள் ஆகும்.

சில கேனட்களின் கண் கறுப்பாகிவிட்டதாகப் படித்தேன், உண்மையா?

உண்மை. வெளிறிய நீலமாக இருக்க வேண்டிய கண் முழுக் கறுப்பாகவோ திட்டுத் திட்டாகவோ மாறிய பறவைகளைப் பாஸ் ராக்கில் 2022 முதல் பார்க்கிறார்கள். ரத்தத்தைச் சோதித்ததில், பறவைக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கான எதிர்ப்புச் சக்தி கண்டறியப்பட்ட பறவைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் கண் கறுத்திருந்தது. அதாவது, அந்தக் கறுப்புக் கண் உள்ள பறவை பெரும்பாலும் நோயோடு போராடி ஜெயித்த பறவை.

கேனட்டை மனிதர்கள் சாப்பிடுகிறார்களா?

ஒரு காலத்தில் நிறைய. செயின்ட் கில்டா மக்கள், 1930-இல் தீவைக் காலி செய்யும் வரை, கடற்பறவைகளை நம்பியே வாழ்ந்தார்கள். கனடாவில் 19-ஆம் நூற்றாண்டில் காட் மீனுக்குத் தூண்டில் இரையாக்கவே ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். பொனவென்ச்சர் தீவு 1919-இல் சரணாலயமானது.

இன்று பிரிட்டனில் சட்ட அனுமதியோடு கேனட் பிடிப்பது ஒரே இடத்தில்தான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் நெஸ் பகுதி ஆண்கள் பத்துப் பேர், கோடை முடிவில் வடக்கே சூலா ஸ்கீர் என்ற பாறைக்குப் போய் இரண்டு வாரம் தங்கி, கூகா என்று அவர்கள் சொல்லும் குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டுக் கொண்டுவருவார்கள். பல நூற்றாண்டுப் பழக்கம். உரிமம் 2,000 குஞ்சுக்கு இருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு சில வருடம் நின்றது. 2025-இல் 500-ஆகக் குறைத்துக் கொடுத்தார்கள். ஒரு சிறிய ஊரின் பாரம்பரியத்தை வெளியிலிருந்து பழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனாலும் குடியிருப்புகள் மீளும் வரை அவர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

வேறு என்ன ஆபத்து?

கூடு கட்ட மிதக்கும் கடற்பாசி எடுக்கும் பழக்கத்தில் நைலான் கயிறு, வலைத் துண்டுகளையும் எடுத்து வந்துவிடும். குஞ்சின் கால் அதில் சிக்கினால், குதிக்கும் நாளில் கூட்டிலேயே தொங்கி உயிர் போகும். கிராஸ்ஹோமில் பருவம் முடியும்போது ஆட்கள் போய்ச் சிக்கிய குஞ்சுகளின் கயிற்றை அறுத்து அவற்றை விடுவிக்கிறார்கள். தூண்டில் கயிறுகளும் வலைகளும் கடலில் பலவற்றைக் கொல்கின்றன. கடல் சூடாகி மேக்கரல் ஆழத்துக்கோ வேறு இடத்துக்கோ நகர்ந்தால் பாறையை மாற்ற இந்தப் பறவையால் முடியாது. 2012-இல் பொனவென்ச்சரில் அப்படித்தான் குஞ்சுகள் பெருமளவில் பிழைக்காமல் போயின.

பெரிய பழுப்பு ஸ்குவா பறவை ஒன்று உண்டு. பறக்கும் கேனட்டின் சிறகையோ வாலையோ கவ்வித் தண்ணீரில் தள்ளி, விழுங்கிய மீனைக் கக்க வைத்துப் பிடுங்கித் தின்னும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அது கடலின் இயல்பு.

சிமெண்ட் பறவையைக் காதலித்த கேனட் கதை நிஜமா?

நிஜம். நியூசிலாந்தின் மானா தீவில் ஒரு புதிய குடியிருப்பை உருவாக்க, சுமார் 80 சிமெண்ட் கேனட் பொம்மைகளை வைத்தார்கள். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் கேனட் இறங்கும் என்பதால் இந்த உத்தி. 2015-இல் நைஜல் என்று பெயரிடப்பட்ட ஒரே ஓர் ஆண் வந்து தங்கியது. ஒரு பொம்மைக்குக் கூடு கட்டி, அதன் இறகில்லாத கழுத்தைக் கோதிவிட்டது. நிஜக் கேனட்கள் சில வந்து சேர்ந்த சில வாரங்களில், 2018 ஜனவரியில், அந்தப் பொம்மையின் பக்கத்திலேயே இறந்து கிடந்தது. பலர் இதை வேடிக்கைச் செய்தியாகப் பகிர்ந்தார்கள். கூட்டமில்லாமல் வாழ முடியாத ஒரு உயிர் தனித்து விடப்பட்ட கதையாகத்தான் எனக்கு அது படுகிறது.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ கேனட்டைப் பார்க்கலாமா?

கேனட்டை எதிர்பார்க்க முடியாது. அதன் சொந்தமான பூபிகளுக்கு வாய்ப்பு உண்டு. முகமூடி பூபி, பழுப்பு பூபி போன்றவை இந்தியப் பெருங்கடலில் வாழ்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசும் மாதங்களில் களைத்துப்போய்க் கரை ஒதுங்குவதுண்டு. இந்திய மேற்குக் கரையில் அதிகம், இலங்கைக் கடலிலும் பதிவுகள் உண்டு.

பாயும் காட்சிதான் வேண்டும் என்றால் தனுஷ்கோடிக்குப் போங்கள். ஆலாக்கள் அந்தரத்தில் ஒரு கணம் நின்று தலைகீழாக விழுந்து சின்ன மீனோடு எழும்பும். உடல் சிறியது, ஆழமும் குறைவு, வித்தை அதே வித்தை.

நம் கூழைக்கடாவும் இப்படிப் பாயுமா?

பாயாது. கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் நாம் பார்ப்பது நீந்திக்கொண்டே அலகுப் பையால் மீனை அள்ளும். அமெரிக்கக் கண்டத்துக் கரையோரக் கூழைக்கடாக்கள்தான் மேலிருந்து பாயும். 1758-இல், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் கேனட்டையே கூழைக்கடா இனத்தில்தான் சேர்த்திருந்தார்.

நேரில் பார்க்க எங்கே போவது?

எடின்பரோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரச் சொச்சத்தில் நார்த் பெர்விக். அங்கிருந்து கோடையில் பாஸ் ராக்கைச் சுற்றிப் படகு போகும். படகு பிடிக்காதவர்கள் யார்க்‌ஷயரின் பெம்ப்டன் செங்குத்துப் பாறை மேல் நின்றே பார்க்கலாம். டொரான்டோ, மாண்ட்ரியலில் இருக்கும் நம்மவர்களுக்குப் பெர்சே ஊரும் பொனவென்ச்சர் தீவும் நீண்ட பயணம்தான், ஆனால் அங்கே சில மீட்டர் தூரத்தில் பறவை இருக்கும். ஆக்லாந்துக்காரர்களுக்கு முரிவாய் கடற்கரை பக்கம்தான். மே, ஜூன், ஜூலை வட அட்லாண்டிக்குக்கு நல்ல மாதங்கள். முரிவாய்க்கு நவம்பர் முதல் ஜனவரி வரை.

நம் கரையில் பூபி மாதிரி ஒரு பறவை ஒதுங்கினால் என்ன செய்வது?

திரும்பக் கடலில் தள்ளாதீர்கள். களைத்துத்தான் கரைக்கு வந்திருக்கிறது, தள்ளினால் மூழ்கும். நாயையும் கூட்டத்தையும் விலக்கிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இலங்கையில் வனஜீவராசிகள் திணைக்களம். பறவைக் காய்ச்சல் இருக்கும் காலம் என்பதால் வெறுங்கையால் தொட வேண்டாம். நோய் அறிகுறியோடு இருந்தாலோ பல பறவைகள் ஒன்றாகச் செத்துக் கிடந்தாலோ கிட்டவே போக வேண்டாம்.

அவர்கள் வரத் தாமதமாகி, எடுத்தே ஆகவேண்டும் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டு, ஒரு பழைய துண்டை மேலே போர்த்தி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் நிழலில் வையுங்கள். கண்ணை நோக்கிக் குத்தும், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மீனைத் திணிக்கவும் கூடாது. குத்துகிறதே என்று அலகைக் கயிற்றாலோ டேப்பாலோ கட்டிவிடாதீர்கள். வெளி மூக்குத் துளை இல்லாததால் அது வாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.